ஐந்து வராகன் விருந்து

முன்னொரு காலத்தில், ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்த காலத்தில், ஒரு நாட்டில் வல்லபராயர் என்று ஒரு பொக்கிஷ மந்திரி இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. அரசாங்கக் காசில் ஒரு செப்புக்காசு தொட்டதில்லை, பொய் சொல்லியும் பழக்கமில்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு நோய். பொறாமை. அதுவும் ஊரில் உள்ள எல்லார் மேலும் இல்லை. அரசவை விகடன் சடைமுத்துவின் மேல் மட்டும்.

பொறாமை ஏன் வராது? வருஷா வருஷம் பங்குனி மாதம் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தைத் தீட்டுகிறவர் அவர். சித்திரை முதல் நாள் அதைச் சபையில் வாசிப்பார். வீரகேது மகாராஜா முதல் ஓலைக்குக் கொட்டாவி விடுவார், மூன்றாம் ஓலைக்குக் கண்ணை மூடுவார். அந்தச் சமயம் பார்த்துச் சடைமுத்து ஒரு தும்மல் போட்டால் போதும், மகாராஜா விழித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். இத்தனை வருஷ ஊழியத்தில் வல்லபராயர் சொன்ன எதற்கும் மகாராஜா சிரித்தது கிடையாது. ஒருநாள் ஆசைப்பட்டு வீட்டில் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தார். அவர் மனைவி, "உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா?" என்று கேட்டுவிட்டுக் கஷாயம் போடப் போய்விட்டாள்.

அந்த வருஷமும் வாசித்தார். கோட்டை வாசல் வளைவுகளுக்கும் அரண்மனை அலங்காரத்துக்கும் நூற்றுக்கு ஐம்பது. மகாராஜாவின் புகழை முரசறைந்து சொல்ல இருபத்தைந்து. வேலைகளை மேற்பார்வை பார்க்கும் அதிகாரிகளுக்கு இருபது. கடைசி ஓலையில் ஏரி, வாய்க்கால், மதகு ஆகியவற்றுக்கு ஐந்து. கீழ்நாட்டு ஆற்றுக்குப் பாலம் கட்டுவது பற்றி 'ஆராயப்படும்'.

மகாராஜா கண் விழித்தார். "பிரமாதம்! திட்டத்தைக் கேட்க வந்த ஊர்த்தலைவர்கள் அத்தனை பேருக்கும் நாளை மறுநாள் விருந்து. நூறு வராகன் ஒதுக்குங்கள். சடைமுத்து, திட்டம் எப்படி?"

"திவ்யமாக இருக்கிறது மகாராஜா. ஏரி மட்டும்தான் வாசலில் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்றான் சடைமுத்து.

மகாராஜா சிரித்தார். மகாராஜா சிரித்ததால் சபையே சிரித்தது. வல்லபராயருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாத உழைப்பு, இவனுக்கு ஒரு வரிக் கேலி! சட்டென்று அவர் மூளையில் ஒரு கண்ணி விரிந்தது.

"மகாராஜா! என் திட்டத்தைக் குறை சொல்லும் இந்த விகடனே விருந்தை நடத்தட்டும். திட்டத்தில் எதெதற்கு நூற்றுக்கு எத்தனை பங்கோ, விருந்திலும் அதற்கு ஒத்த காரியத்துக்கு அத்தனை வராகன்தான் செலவு செய்ய வேண்டும். ஒரு காசு இடம் மாறினாலும் இவன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். ஒரு திட்டத்தைக் கட்டிக் காப்பது என்ன பாடு என்று இவனும் தெரிந்துகொள்ளட்டுமே!"

மகாராஜாவுக்குப் புதுசாக எதைச் சொன்னாலும் பிடிக்கும். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சடைமுத்துவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. வேறு தேசம் போனால் வேறு பாஷை. சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்குப் பாஷை போனால் சோறு போயிற்று. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஒரு காசும் இடம் மாறாவிட்டால், மகாராஜா?" என்று கேட்டான்.

"நீ கேட்டதைத் தருவேன்."

"அப்படியானால் மந்திரியாரே கூட இருந்து கண்காணிக்கட்டும்."

வல்லபராயருக்குக் கரும்பு தின்னக் கூலியா? விடிந்ததும் விருந்துக் களஞ்சியத்தின் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஐயா, நாட்டுக்கு அரண்மனை அலங்காரம் எப்படியோ, விருந்துக்குப் பந்தல் அலங்காரம் அப்படித்தானே?" என்று பணிவாகக் கேட்டான் சடைமுத்து.

"அப்படித்தான். ஐம்பது. ஒரு காசு குறையக் கூடாது!"

"புகழ் முரசுக்குப் பதில், பதார்த்தங்களின் பெருமையைச் சொல்லக் கொட்டுக்காரர்கள்?"

"இருபத்தைந்து."

"பரிமாறுகிறவனை மேற்பார்வை பார்க்க அதிகாரிகள்?"

"இருபது. குடையோடு வரட்டும்."

"ஏரியும் வாய்க்காலும் சோறு போடுகிற சங்கதி. ஆகையால் அரிசி, பருப்பு, காய்கறி?"

"ஐந்து! ஐந்துக்கு மேல் ஒரு காசு போனாலும் நீ தொலைந்தாய்!"

தலைமைச் சமையல்காரர் ஓடி வந்தார். "ஐயா, இத்தனை கூட்டத்துக்கு இது எந்த மூலைக்குப் போதும்? இலைக்கு ஒரு பிடிச் சோறு விழுந்தா அதிகம். இன்னும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க."

வல்லபராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சடைமுத்து இரக்கப்பட்டு ஒரு வராகன் கூட்டிக் கொடுத்தால் அவன் கதை முடிந்தது. "என்ன சடைமுத்து, பாவம், கேட்கிறாரே!" என்று ஆசை காட்டினார். சடைமுத்து தலையை ஆட்டி மறுத்துவிட்டான். வல்லபராயருக்கு ஒரே ஏமாற்றம். எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை அவரும் நூறு தடவை கேட்டவர்தான். ஆனால் பொறாமைப்படுகிறவன் மூக்கைப் பற்றி யோசிப்பதில்லையே!

விருந்து நாள் வந்தது. பந்தல் இந்திரலோகம் போல் ஜொலித்தது. பட்டுத் திரைகள், முத்துச் சரங்கள், கூரை தெரியாமல் பூத்தோரணம். விருந்துக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று மகாராஜா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தார். தலைவாழை இலை போட்டாயிற்று. டமடமவென்று முரசுகள் முழங்கின. எக்காளம் ஊதியது.

"வருகிறது, வருகிறது! முத்துப் போன்ற, மல்லிகை போன்ற, மகாராஜாவின் மனம் போன்ற வெண்சோறு வருகிறது!"

மகாராஜா நாக்கைச் சப்புக்கொட்டினார். ஒரே ஒரு பரிமாறுகிறவன் வந்தான். அவன் பின்னால் பத்து அதிகாரிகள் குடை பிடித்து வந்தார்கள். ஒருவர் கரண்டியைப் பார்வையிட்டார், ஒருவர் இலையைப் பார்வையிட்டார், மற்றவர்கள் அந்த இருவரையும் பார்வையிட்டார்கள். கடைசியில் மகாராஜாவின் இலையில் ஒரு பிடிச் சோறு விழுந்தது. அதே ஆர்ப்பாட்டத்தோடு ஒரு கரண்டிக் குழம்பு. ஓரத்தில் ஒரு துண்டுக் கத்தரிக்காய்.

மகாராஜா ஒரே வாயில் தின்றுவிட்டுக் காத்திருந்தார். மறுபடி முரசு முழங்கியது.

"பாயசம் பற்றி ஆராயப்படும்!"

"சடைமுத்து!" மகாராஜா எழுந்தே விட்டார். "என் பசியோடு விளையாடுகிறாயா?"

"அபசாரம், மகாராஜா! திட்டப்படி ஒரு காசுகூட இடம் மாறவில்லை. மந்திரியாரே சாட்சி."

எல்லார் கண்ணும் வல்லபராயர் மேல் திரும்பியது. 'மாறியது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே சடைமுத்து எல்லை தாண்டிவிடுவான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கணக்கில் பொய் சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை.

"மாறவில்லை, மகாராஜா" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து ஓர் ஊர்த்தலைவர் எழுந்து கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க மகாராஜா. நீங்க இன்னைக்குத்தான் பார்க்கறீங்க. எங்க இலையில வருஷா வருஷம் இவ்வளவுதானுங்க விழுது. மதகு உடைஞ்சு ரெண்டு போகம் காய்ஞ்சு கிடக்கு. கொட்டுச் சத்தம் மட்டும் நல்லா கேக்குது."

மகாராஜா தம் காலி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "வல்லபராயரே, சபையில் நீர் வாசித்தது இதைத்தானா?" என்று கேட்டார்.

வல்லபராயருக்கும் பசி. பசியில் மனிதனுக்கு ஜோடனை வராது. தம் இலையை ஒரு முறை பார்த்துவிட்டு, மனசில் பட்டதைச் சொன்னார்.

"இதைத்தான் மகாராஜா. வாசிக்கும்போது ருசியாகத்தான் இருந்தது."

அப்புறம் மகாராஜாவின் வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. "வாசிக்கும்போது ருசியாக இருந்ததாம்!" என்று பக்கத்திலிருந்த தூணைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சடைமுத்துவின் எந்தத் தும்மலுக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

சிரித்து ஓய்ந்ததும், "சடைமுத்து, ஜெயித்துவிட்டாய். வேண்டியதைக் கேள்" என்றார்.

"ஏரியைக் கடைசி ஓலையிலிருந்து முதல் ஓலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், மகாராஜா."

"கொண்டுவந்தேன்! ஐம்பதும் அதற்கே. வல்லபராயரே, இன்றே மாற்றி எழுதும்" என்று சொல்லி, மகாராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் சடைமுத்துவின் கழுத்தில் போட்டார். போடும்போதும் அவர் முகம் மந்திரியின் பக்கமே திரும்பியிருந்தது. "எப்படிச் சொன்னீர்? இன்னொரு தரம் சொல்லும்!"

வல்லபராயர் இன்னொரு தரம் சொன்னார். மகாராஜா இன்னொரு தரம் சிரித்தார். சபையே சிரித்தது. சடைமுத்துவும் சிரித்தான். அந்தச் சிரிப்பை வல்லபராயர் உற்றுப் பார்த்தார். உதடு மட்டும் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியாத சிரிப்பா அது? இத்தனை வருஷமாக அவர் முகத்தில் குடியிருந்தது ஆயிற்றே!

அரண்மனை மடைப்பள்ளியில் அவசரமாக உலை வைத்து, எல்லாருக்கும் நிஜமான விருந்து நடந்தது. வல்லபராயர் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முத்துமாலை மார்பில் மின்ன உட்கார்ந்திருந்த சடைமுத்து, பாயசம் வந்தபோது வேண்டாமென்று இலையைக் கையால் மறைத்துக்கொண்டான்.