ஏணிக்கு இடம் போதவில்லை

மலையடிவாரத்தில் இருந்த பெண் துறவிகளின் மடத்துக்கு யூலான் சிஷ்யையாக வந்து சேர்ந்தபோது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. குரு ஜிங்யிக்கு முப்பத்தாறுதான். மகள் வயதுப் பெண்ணை விழுந்து கும்பிடுகிறாளே என்று ஊருக்குள் ஒரே சிரிப்பு.

இருவருடைய பாதங்களையும் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். யூலானின் பாதம் மூன்று அங்குலம். ஐந்து வயதில் அவள் அம்மா விரல்களை உள்ளே மடக்கி, வளரவிடாமல் நீளத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பாதம். கட்டும்போது அம்மாவும் அழுதாளாம். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் அழகு, அது இல்லாவிட்டால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான். குருவோ ஏழைக் குடியானவனுக்கு ஐந்தாவது பெண். அவள் காலைக் கட்ட அந்த வீட்டில் யாருக்கு நேரம் இருந்தது? பாதம் படகு மாதிரி வளர்ந்துவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் யூலானுக்கு நெஞ்சுவலி வந்தது. இரண்டாவது முறை வந்தபோது, வைத்தியர் ஒன்றும் சொல்லாமல் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே தன் கடைசிக் காலணியைத் தைக்க உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கத்தில் இறந்தவர்களுக்குப் போடும் துணிக் காலணிக்கு அடியிலும் பூவேலை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு யாரும் மண்ணில் நடக்கப்போவதில்லையே! ஒரு தாமரை, அதற்கு மேலே ஏழு படி வைத்த ஓர் ஏணி. ஏணி சரியாக அமையாவிட்டால் மேலே போய்ச் சேர முடியாது என்று நம்பினார்கள்.

யூலான் மூன்று நாள் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் தைத்தாள். நான்காம் நாள் குருவைத் தேடித் தோட்டத்துக்கு வந்தாள். பாதி தைத்த காலணியும் மீதித் துணியும் கையில் இருந்தன.

“குருவே, தாமரை போக மூன்று படிக்குத்தான் இடம் இருக்கிறது. எந்த நான்கை விடுவது?”

குரு பேரிக்காய் பறிப்பதற்காக மரத்தில் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏறுங்கள்” என்றாள்.

“நானா?”

“நீங்கள்தான். நல்ல காய் எல்லாம் உச்சியில் இருக்கிறது.”

குரு சொல்லைத் தட்டக்கூடாது. யூலான் முதல் படியில் காலை வைத்தாள். இரண்டாவது படியில் கணுக்கால் மடங்கியது. குரு தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

“என்னால் முடியவில்லை, குருவே.”

“நான்கு படியைக் கழற்றிவிட்டால் ஏறிவிடுவீர்களா?”

யூலான் கீழே இறங்கினாள்.

குரு தன் காலணியைக் கழற்றினாள். யூலான் கையில் இருந்த மீதித் துணியை வாங்கித் தரையில் விரித்து, அதன்மேல் பாதத்தை வைத்துக் கரித்துண்டால் சுற்றிலும் கோடு போட்டாள்.

“இந்த அளவுக்கு வெட்டுங்கள். ஏழு படியும் பிடிக்கும்.”

“இதில் என் கால் நிற்காதே?”

“காலணி பெரிதாக இருந்தால் பஞ்சு அடைத்துக்கொள்ளலாம். சிறிதாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.”

யூலான் துணியை மடித்தாள், மறுபடி விரித்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“மேலே என் அம்மா இருப்பாள். அவளைப் பார்க்கத்தானே இத்தனை பாடு? இந்தப் பாதம் அவள் கையால் ஆனது, குருவே. இவ்வளவு பெரிய காலோடு போய் நின்றால் அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?”

குரு அதற்குள் வெறுங்காலோடு ஏணியில் பாதி ஏறியிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்.

“உங்களுக்கு ஐந்து வயது ஆகும்வரை அவளுக்கு அடையாளம் தெரிந்ததே.”