சிலந்தியை எறும்பு என்று சொன்னார்கள்!

மலையடிவாரத்து மாந்தோப்பில் செவத்தி என்றொரு சிலந்தி இருந்தாள். சிலந்திதான்! ஆனால் சத்தியம் செய்தாலும் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். முசுறு எறும்பு மாதிரியே சிவந்த மேனி, எறும்பு மாதிரியே ஒடுங்கின இடுப்பு. எட்டுக் காலில் முன்னங்கால் இரண்டையும் மேலே தூக்கி, எறும்பு மீசையை ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே நடப்பாள். அந்த மாமரத்து முசுறுகளே அவளைச் சந்தேகப்பட்டதில்லை.

இந்த வேஷம் சும்மா அழகுக்குப் போட்டதில்லை. தோப்பில் ஒரு நீலக்குளவி இருந்தாள். சிலந்தியைக் கொட்டி மயக்கி, மண்கூட்டில் அடைத்து, தன் பிள்ளைகளுக்குத் தீனி வைப்பதுதான் அவள் பிழைப்பு. தினமும் செவத்தியின் தலைக்கு மேலே பறப்பாள். கீழே ஒரு பார்வை பார்ப்பாள். "சீ, முசுறு!" என்று போய்விடுவாள். அந்த ஒரு 'சீ'யில்தான் செவத்தியின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கிளையில் அவளுடைய சிநேகிதன் ஒடிசலன். அவன் குச்சிப்பூச்சி. பொழுது முழுக்கக் குச்சியோடு குச்சியாக ஒட்டிக் கிடப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூச்சி பார்க்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வனிதாமணி, கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். அவளோடு வந்த தாவீதின் கழுத்தில் கேமரா தொங்கியது. பூச்சியைத் தேடிப் படம் எடுப்பது, அது இன்ன பூச்சி என்று பெயர் கண்டு சொல்வது, இதுதான் அவர்களுக்கு விடுமுறை. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பைத்தியம்!

வெயில் குறைவாக இருக்கிறதே என்று தாவீது தொப்பியைக் கழற்றி, ஒடிசலன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் மாட்டினான். மாட்டின கையோடு துள்ளினான்.

"அக்கா, பொன்வண்டு! பொன்வண்டு!"

வண்டை முன்னால் நின்று எடுத்தான், பின்னால் நின்று எடுத்தான், மண்ணில் மல்லாந்து படுத்தும் எடுத்தான். செவத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்தது நாம்தான் என்று காலை நீவிவிட்டு, இலை நுனிக்கு வந்து நின்றாள். கேமராவும் அவள் பக்கம் திரும்பியது.

"இது என்னக்கா?"

"முசுறுப்பா, வெறும் எறும்பு. தோப்புப் பூரா இதுதான். விடு, வா!"

ஒரு படம்கூட எடுக்காமல் அவர்கள் நடந்துவிட்டார்கள். செவத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டியாண்ணே? என்னை எறும்புங்கிறா! படிச்ச பொம்பளை பேசுற பேச்சா இது?"

"சொல்லிட்டுப் போறா, விடு! அந்தத் தம்பி என் மூஞ்சியை மறைச்சுத் தொப்பிய மாட்டிட்டுப் போயிருக்கான். நான் வாயைத் திறந்தேனா?"

"உனக்கு மானம் கிடையாது, திறக்கல."

"மானம் இருக்கு தாயி, அதைவிட உசுரு பெருசா இருக்கு. மனுசங்க கண்ணுக்கு எறும்பா இருந்தாத்தான் குளவி கண்ணுக்கும் எறும்பா இருப்பே!"

"குளவி மண்ணெடுக்கக் குளத்தங்கரைக்குப் போயிருக்கா. இப்ப எவ பார்க்கப்போறா?"

அந்த நேரம் பார்த்து தாவீது தொப்பியைத் தேடி ஓடி வந்தான். விடுவாளா செவத்தி? தூக்கியிருந்த கால்களைக் கீழே இறக்கினாள். எண்ணிக்கோ என்று எட்டையும் அகல விரித்து வைத்தாள். அந்தப் பையன் கண்ணில் தொப்பி மட்டும்தான் பட்டது. உடனே அவன் மூக்குக்கு நேராக ஒரு தாவு தாவி, நூல் விட்டுத் தொங்கினாள். எந்த ஊர் எறும்பு நூல் விடும்?

"அக்கா! ஓடி வாங்க! இது எறும்பு இல்ல, நூல் விடுது!"

வனிதாமணி மூச்சு வாங்க வந்து குனிந்தாள். "அடடே! எறும்பு வேஷம் போட்ட சிலந்தி! நான்ல ஏமாந்துட்டேன். எடு, எடு, நல்லா எடு!"

அப்படிச் சொன்னாளோ இல்லையோ, செவத்திக்குக் கால் எட்டும் தரையில் நிற்கவில்லை. இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள், நூலில் ஊஞ்சல் ஆடினாள். "பார்த்தியாண்ணே, என்னைச் சிலந்தின்னுட்டாங்க!"

"போதும்டி! மேலே ஏறு, காலைத் தூக்கு!" ஒடிசலன் பதறிப்போய் அசைந்தே விட்டான். பகலில் அவன் அசைந்தது அதுதான் முதல் தடவை.

"இரு, என் கண்ணை இன்னும் எடுக்கல! எனக்குக் கண்ணுதான் அழகு!"

'ங்ஙொய்' என்று தலைக்கு மேலே ஒரு சத்தம். வாயில் மண்ணோடு வந்த நீலக்குளவி, மண்ணைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடி கள்ளி! நீ சிலந்தியா? இத்தனை நாளும் உன் தலைக்கு மேலதானே போயிட்டு வந்தேன்!"

 செவத்தி அவசர அவசரமாக முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டினாள். "நான் எறும்புதான் தாயி! சத்தியமா எறும்புதான்!"

"எறும்புக்கு எதுக்குடி நூலு?"

ஒரே கொட்டு. துவண்டுபோன செவத்தியைத் தூக்கிக்கொண்டு குளவி மண்கூட்டைப் பார்த்துப் பறந்தாள். தாவீது கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. ஒடிசலன் குச்சியோடு ஒட்டிக்கொண்டு ஓசையில்லாமல் அழுதான்.

தாவீது எடுத்ததிலேயே கடைசிப் படம்தான் நன்றாக வந்திருந்தது. கல்லூரி வாசலில் அதைப் பெரிதாக்கி மாட்டினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, "என்ன நீலம், என்ன நீலம்!" என்று மெச்சினார்கள். படத்துக்கு அடியில் வனிதாமணி கொட்டை எழுத்தில் பெயர் எழுதியிருந்தாள்: 'நீலக்குளவியும் அதன் இரையும்'.

உயிரைக் காக்கிற வேஷத்தைப் பேருக்கு ஆசைப்பட்டுக் கலைத்தால், உயிரும் போகும், பேரும் அடுத்தவருக்குப் போகும்.