வல்லூறின் இறக்கை

சுகிர்தம் மேடத்திடம் கிளைடர் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் ஏழு பேர். ஆறு பேர் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஏழாவது ஆளான சென்னியப்பன் முப்பத்தாறு வருடம் கழித்துத்தான் வந்தார்.

வரும்போது அவர் கையில் நீளமான அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பெட்டியின் மேல் 'வல்லூறு' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே சின்னதாக, 'வடிவமைப்பு: க. சென்னியப்பன்'.

மேடம் இரண்டையும் படித்தார். கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"வா. செருப்போடயே வா. தரையெல்லாம் குண்டூசி."

அந்த வடிவம் மேடத்துடையது. பாலிடெக்னிக்கில் பயிற்றுநராக இருந்தபோது அவர் வரைந்தது. இரண்டு மீட்டர் இறக்கை, பால்சா என்ற எடை குறைந்த மரம், எஞ்சின் கிடையாது. நூலில் இழுத்து உயரே விட்டால் காற்றிலேயே மிதக்கும். கீழே நின்று ரேடியோவில் திருப்பிக்கொள்ளலாம். மேசையில் விரித்திருந்த அந்தப் படத்தை, மேடம் கேன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில், சென்னியப்பன் ட்ரேசிங் பேப்பர் வைத்து எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. அடுத்த வருடம், வாங்கியவரே ஒட்டிச் செய்துகொள்ளும் பெட்டியாக, கடைகளுக்கு வல்லூறு வந்தது. நன்றாக விற்றது.

மேடம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று சென்னியப்பன் சில வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு, தெரிந்தும் மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளத் தொடங்கினார். அதற்கும் பிறகு நினைப்பதையே விட்டுவிட்டார்.

"பெங்களூர்ல பழைய மாடல் பறக்கவிடறவங்க ஒரு சங்கம் வெச்சிருக்காங்க மேடம். தை மாசம் என்னையக் கூப்பிட்டிருக்காங்க. பொன்னாடை போத்தறாங்களாம். என்னோட வல்லூறை நானே செஞ்சு, நானே பறக்கவிடோணுமாம்."

"செய்ய வேண்டியதுதானே."

"நான் ஒண்ணுகூட முழுசாச் செஞ்சதில்லீங்க. பொட்டியில போட்டு வித்ததோட சரி."

மேடம் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இதையே ஈரோட்டுல ஒருத்தர் பரண்ல இருந்து வாங்கிட்டு வந்தேன். கத்துக்குடுங்க மேடம். படத்துல இருக்கற மாதிரியே இருக்கோணும்னு சொல்லீருக்காங்க. ஒரு கோடு மாறக்கூடாதாம்."

"ஒரு கோடுகூட மாறாது," என்றார் மேடம்.

மறுநாளே வேலை தொடங்கியது.

பெட்டிக்குள் எதுவும் தேறவில்லை. பால்சா பழுத்து, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. ரப்பர் பட்டைகள் உருகி வெல்லப்பாகுபோல் அடியில் ஒட்டியிருந்தன. பசைக்குழாய் கல்லாகியிருந்தது. படம் மட்டும், மடிப்புகளில் கிழிந்திருந்தாலும், படிக்கும்படி இருந்தது.

"மரத்தைக் கழிச்சுடு. படத்தை விரி. புது பால்சாவுல ஒண்ணொண்ணா வெட்டு."

"நீங்க ஒண்ணு வெட்டிக் காட்டுனா..."

"நீ வெட்டு."

இறக்கைக்கு முப்பத்திரண்டு விலா, குறுக்கே நின்று வடிவம் கொடுக்கும் மெல்லிய துண்டுகள். சென்னியப்பனுக்குக் கத்தி கோணியது. முதல் ஐந்தும் வீணாயின. ஒவ்வொன்றுக்கும் மேடம், "இன்னொண்ணு," என்றார். ஒரு தடவைகூடக் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. பசை காய்ந்திருக்கிறதா என்று தினமும் விரலால் தொட்டுப் பார்ப்பார். அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் சென்னியப்பன் வேலையை நிறுத்தினார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். ரொம்ப நாளா..."

"அந்த உப்புத்தாளை எடு. நைஸ் தாள்."

அவர் எடுத்துக் கொடுத்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டதில் அவருக்கு ஆறுதலாகவே இருந்தது.

பிறகு கை பழகிவிட்டது. சில நாள் அவர் வேலை செய்துகொண்டே பாடினார். பேச்சு தாராளமாக வந்தது.

"அந்தக் காலத்துல கடுதாசி நெறைய வருமுங்க. இறக்கை ஒடிஞ்சு போச்சு, இறக்கை ஒடிஞ்சு போச்சுன்னு."

"என்ன பதில் போடுவே?"

"பதில் எழுதி மாளுமா? ஒரு கார்டு அச்சடிச்சு வெச்சிருந்தேன். பசை காயறதுக்கு முன்னாடி எடுத்திருப்பீங்க, அடுத்த தடவை பொறுமையாச் செய்யுங்கன்னு."

மேடம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மார்கழியில் வல்லூறு முடிந்தது. சிவப்புத் தாள் ஒட்டி, அது விறைக்க டோப் வார்னிஷ் பூசி, உள்ளே ரேடியோ வைத்தார்கள். சென்னியப்பன் அதைத் தூக்கிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இறக்கைக்குள் விலாக்கள் வரிசையாகத் தெரிந்தன. அவருக்குக் கண் கலங்கியது.

"நல்லா வந்திருக்குதுங்களா மேடம்?"

"சுத்தமா வந்திருக்கு."

அடுத்த நாள் காலை இருவரும் வற்றிக் கிடந்த குளத்துக்குப் போனார்கள். ஒரு முனையில் முளை அடித்து ரப்பர் குழாயைக் கட்டினார்கள். குழாயின் நுனியில் நூறு மீட்டர் நூல். நூலின் வளையத்தைக் கிளைடரின் கொக்கியில் மாட்டி, பின்னால் நடந்து, குழாய் இழுபட்டதும் விடவேண்டும்.

சென்னியப்பன் கொஞ்சமாக இழுத்து விட்டார். வல்லூறு ஏறியது. தானாகவே நூலைக் கழற்றிக்கொண்டது. குளத்தின் மேல் சத்தமில்லாமல் இரண்டு வட்டம் போட்டு அவர் காலடியிலேயே வந்து இறங்கியது.

அவர் சிரித்தார். ஐம்பத்தொன்பது வயது ஆள், கைதட்டினார்.

"பெங்களூர்ல இன்னும் உசரம் போகோணுங்க."

"அப்ப இன்னும் பின்னால போ."

அவர் இருபது தப்படி பின்னால் போனார். குழாய் விறைத்தது.

"போதுமுங்களா?"

"அது உன் விருப்பம்."

விட்டார். வல்லூறு முன்னைவிட வேகமாக, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறியது. பாதி உயரத்தில் முருங்கைக்கொம்பு முறிவதுபோல ஒரு சத்தம். இரண்டு இறக்கையும் மேலே மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூக்கு கீழே பார்க்க, நேராக வந்து வண்டலில் குத்தியது.

சென்னியப்பன் ஓடினார். மேடம் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவர் மண்டிபோட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான்தானுங்க கெடுத்துட்டேன். பசை காயலையாட்டம் இருக்குது."

"காஞ்சிருந்துச்சு. நான் தொட்டுப் பாத்தேன்."

"அப்ப வெட்டுனதுல ஏதோ..."

"வெட்டும் சுத்தம்."

"பின்னே ஏனுங்க?"

மேடம் ஒடிந்த இறக்கையை வாங்கிக் கிழிந்த தாளை விலக்கினார். உள்ளே நீளமாக மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி. இரண்டுக்கும் நடுவே விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"இங்க காலியா இருக்கு பாரு. ஒவ்வொரு விலாவுக்கும் நடுவுல ஒரு சின்னப் பலகை நிக்கணும். அது இந்த ரெண்டு குச்சியையும் பிடிச்சுக்கும். அது இல்லேன்னா மெதுவா விட்டாப் பறக்கும். வேகமா விட்டா மடங்கும்."

"படத்துல அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"நீ எடுத்துட்டுப் போனது என் முதல் படம். ரெண்டாவது படத்துலதான் பலகை போட்டேன்."

சென்னியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ரெண்டாவது படம் இருக்குதுங்களா?"

"வீட்டுல இருக்கு."

அதைத் தரச்சொல்லி அவர் கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"இது ஒடியும்னு தெரிஞ்சேதான் மூணு மாசமா என்னையச் செய்ய வெச்சீங்களா?"

"ஒரு கோடு மாறக்கூடாதுன்னு கேட்டது நீ."

"எத்தனை பேரு வாங்குனாங்க மேடம்! என்னைய விடுங்க. அவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?"

மேடம் அவர் எதிரில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"மருதாசலம்னு ஒருத்தன். மில்லுல ஃபிட்டர். சமையலறையில உக்காந்து ஒரு வருசம் வல்லூறு செஞ்சான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மைதானத்துல பறக்கவிட்டான். பொண்டாட்டியும் ரெண்டு பெண்ணுகளும் புதுத்துணி உடுத்திட்டு வந்திருந்தாங்க. இதே மாதிரிதான். பாதியில மடங்கிருச்சு."

"சரிங்க..."

"அவன் துண்டை விரிச்சு எல்லாத்தையும் பொறுக்கிக் கட்டினான். பொண்டாட்டிகிட்ட, 'என் கை எதுக்கும் ஆகாது'ன்னான். நான் எட்டடி தள்ளி நின்னுட்டு இருந்தேன்."

"சொன்னீங்களா?"

"இல்லை. அப்புறம் அவன் பெண்ணுகளுக்குப் பம்பரம்கூடச் செஞ்சு குடுக்கறதில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"அப்பவும் சொல்லலீங்களா?"

"அவன் உனக்குக் கடுதாசி போட்டான். நீ கார்டு அனுப்பினே. நான் வாயைத் திறக்கலை."

சொல்லிவிட்டு மேடம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்சாத் தூள் ரேகைகளில் படிந்திருந்தது. புடவையில் துடைத்தார். போகவில்லை.

வெயில் ஏறிவிட்டது. சென்னியப்பன் எழுந்து துண்டுகளை ஒரு சாக்கில் போட்டார். முளையைப் பிடுங்கினார். நூலைச் சுற்றத் தொடங்கினார். பாதி சுற்றும்போது கை நின்றது.

"ஒரே ஒரு வரி போதுமே மேடம். இந்த இடத்துல பலகை போடுன்னு. பேரு போடாம, எனக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. ஏன் எழுதலீங்க?"

மேடம் அவர் கையிலிருந்து நூல்கண்டை வாங்கினார்.

"எழுதியிருந்தா, அந்தப் படத்தை நானே உனக்குக் குடுத்த மாதிரி ஆயிருக்கும்."