தூரிகை வரைந்த முள்

திருப்பணி நடந்துகொண்டிருந்த ஓர் இராமர் கோயிலில் ஒரு தூரிகை இருந்தது. அணில் வால் முடியில் கட்டியது. அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனம். "எங்க பாட்டன் முதுகைத் தடவிக் கொடுத்தவர் சாமி. எங்க வீட்டு மனுஷர் மாதிரி" என்று வர்ணக் கிண்ணங்களிடம் கதை அளந்துகொண்டே இருக்கும்.

மண்டபச் சுவரில் வனவாசத்தை வரையச் சொல்லியிருந்தார்கள். நம் தூரிகை என்ன செய்தது தெரியுமா? சீதையின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து முள்ளெடுக்கும் இராமரை வரைந்தது. முகத்தில் நாலு நாள் தாடி வேறு. காட்டில் சவரத்துக்கு எங்கே போவார் பாவம்!

முதலில் பார்த்தது கற்பூரத் தட்டு. பார்த்ததும் விழுந்தடித்துக்கொண்டு மணியிடம் ஓடியது.

"அண்ணே, அநியாயம்! நம்ம சாமியைப் போய் பொண்டாட்டி காலைப் பிடிக்க வெச்சிருக்கான் அந்தத் தூரிகைப் பய!"

"என்னது!" என்று மணி அலறியதில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தே போய்விட்டன. மணி தொங்கும் இடத்திலிருந்து அந்தச் சுவர் தெரியாது. தெரிந்தால்தான் கோபம் வர வேண்டுமா என்ன! அது போட்ட கூச்சலில் மேளம், கொம்பு, சேகண்டி எல்லாம் திரண்டுவிட்டன.

"அவனைத் தூக்கி அடுப்பில் போடுங்க! ஏய் சுண்ணாம்பு மட்டை, அந்தச் சுவரை வெள்ளையடிச்சு விடு!" என்று மணி உத்தரவு போட்டது.

மட்டை சுண்ணாம்பு சொட்டச் சொட்ட வந்து நின்றது. தூரிகை ஓடிவந்து சுவரை மறித்து நின்றது. தன்னை எரித்தாலும் போகட்டும், ஏழு நாள் உருகி உருகி வரைந்த அந்தப் பாதம் அழிந்துபோகுமே!

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்றது. "சாமிக்கு இன்னும் கண் திறக்கலை."

சிலையோ சுவர்ச்சித்திரமோ, சாமிக்குக் கண் எழுதுவது கடைசியில்தான். அதுவரை அது வெறும் வர்ணம்.

"அதனால என்னடா?"

"அவமானம் யாருக்கு? உங்களுக்கா, அவருக்கா? கண்ணைத் திறந்துவிடறேன். அவரையே கேளுங்க. அழின்னு சொன்னார்னா நானே அடுப்பில் குதிச்சிடறேன்."

மணிக்கு வாயெல்லாம் பல். "திற, திற! திறந்ததும் உன்னைப் பார்ப்பார் பாரு ஒரு பார்வை, சாம்பல்கூட மிஞ்சாது!"

மேளமும் கொம்பும் சேர்ந்து மணியைக் கழற்றித் தூக்கிவந்து சுவருக்கு எதிரே வைத்தன. அப்போதுதான் அது அந்தச் சித்திரத்தை முதன்முதலாகப் பார்த்தது. முழுசாகப் பார்ப்பதற்குள் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

தூரிகை மையைத் தொட்டது. முதலில் வலக்கண். அப்புறம் இடக்கண். இராமர் கண் திறந்தார்.

"சாமீ! உங்களை இப்படிக் கேவலப்படுத்திட்டானே! சும்மா விடலாமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி!" என்று மணி கதறியது. கூடவே மேளம் முழங்க, கொம்பு ஊத, சுவரே ஆடியது. சீதையம்மா "ஸ்ஸ்" என்று முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொண்டார்.

இராமர் நிமிரவில்லை. அந்தக் காலை மெதுவாக மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்கப்பா," என்றார். "முள்ளு இன்னும் வெளியே வரலை."