ஒன்றாம் எண்ணில் யார்?

"எனக்கு எப்ப டீச்சர் வகுப்பு எடுக்கக் குடுப்பீங்க?"

இன்னாசி அண்ணாச்சி இதைக் கேட்பது நாலாவது தடவை.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கிய மனுஷன். ஓய்வு பெற்ற மறுமாதமே தூத்துக்குடியில் தவமணி டீச்சரின் கணினிப் பள்ளியில் நெட்வொர்க் படிக்கச் சேர்ந்துவிட்டார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு.

"ஐபி முகவரி, பாக்கெட், ஸ்விட்ச், ரவுட்டர், கேட்வே... எங்க வேணும்னாலும் நிறுத்திக் கேளுங்க, தலைகீழாச் சொல்லுதேன். யாரு என்ன கேட்டாலும் எங்கிட்ட பதில் இருக்கு!"

அது நிஜம்தான். தெரியாத கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. அரைமணி நேரத்துக்குக் குறையாத பதில்.

டீச்சர் ஹாலைச் சுற்றிக் கை காட்டினார்.

"இந்த ஹால்ல ஒண்ணாம் நம்பர்ல யாரு இருக்கா?"

"இது என்ன கேள்வி?"

"கண்டுபிடிச்சிட்டு வாங்க. வகுப்பு உங்களுக்குத்தான்."

இன்னாசிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஹாலில் ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தக் கணினியின் முகவரியில் கடைசி எண் அது. ஒருத்தர் எண் இன்னொருத்தருக்கு இருக்கக் கூடாது. வீட்டுக் கதவில் எழுதுகிற எண் மாதிரிதான்.

இன்னாசி வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தார். இரண்டில் ஆரம்பித்து நாற்பதில் முடிந்தது. மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். ஒன்று எங்கேயும் இல்லை.

அட!

ஒன்று காலி. காலியாகவே வைத்திருக்கிறார்கள். யாருக்கு? முப்பத்தேழில் இரண்டு வருஷமாக உட்கார்ந்து தேய்கிற தனக்குத்தான், வேறு யாருக்கு? எடுத்துக்கொள்ளத் துணிவு இருக்கிறதா என்று டீச்சர் ஆழம் பார்க்கிறார். நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அன்றைக்கு ஹாலில் நிற்க இடமில்லை. நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப அதுதான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இருபத்தொன்றில் இன்னாசியின் மகள் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

மணி நாலு. இன்னாசி தன் கணினியில் உட்கார்ந்தார். முப்பத்தேழை அழித்தார். ஒன்று என்று போட்டார்.

வருகிற பாக்கெட்டுகளை, அதாவது கணினிகள் அனுப்புகிற செய்திப் பொட்டலங்களை, வரிவரியாகக் காட்டும் திரையையும் திறந்து வைத்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை.

அப்புறம் வந்தது பாருங்கள்! ஒரு வரி. பத்து வரி. திரை கொள்ளாமல் ஓடியது. ஐந்திலிருந்து, பதினெட்டிலிருந்து, முப்பத்திரண்டிலிருந்து, ஹாலில் இருந்த அத்தனை கணினியும் அவர் வாசலில் வந்து நின்றது.

"யம்மாடி!" என்றார் இன்னாசி.

முப்பது வருஷம் கம்பத்தில் தொங்கியவரை ஒருத்தரும் அண்ணாந்து பார்த்ததில்லை. இன்றைக்கு எல்லாரும் அவரிடம் வருகிறார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நெட் போச்சு!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"எனக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கு!"

"ஐயையோ, நாலரை ஆயிட்டே!"

டீச்சர் ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓடினார். இன்னாசிக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

"டீச்சர்! கண்டுபிடிச்சிட்டேன், ஓடியாங்க! ஒண்ணுல நான்தான்! பாருங்க, எல்லாரும் எங்கிட்ட வாராங்க!"

டீச்சர் வந்து திரையைப் பார்த்தார்.

"வாராங்க. வந்தவங்களை எங்க அனுப்புனீங்க?"

"எங்க அனுப்பணும்?"

டீச்சர் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "வாசிங்க."

"அனுப்புறது இருபத்தொண்ணு."

"மிச்சத்தையும் வாசிங்க."

"போய்ச் சேர வேண்டியது..." இன்னாசி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அங்கே அவருடைய முகவரி இல்லை. எங்கேயோ வெளியூரில் இருக்கிற முகவரி. அடுத்த வரியிலும் அதுதான். அதற்கடுத்த வரியிலும் அதுதான்.

ஒருத்தரும் அவரைத் தேடி வரவில்லை.

"இருபத்தொண்ணுல யாரு அண்ணாச்சி?"

அவர் திரும்பிப் பார்த்தார். ரோஸ்லின் நகத்தைக் கடித்துக்கொண்டு, திரையில் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவி நான்! எம்புள்ளைய நானே மறிச்சு வச்சிருக்கேனே!"

நாலு நாற்பது.

அவசர அவசரமாக ஒன்றை அழித்துவிட்டு முப்பத்தேழைப் போட்டார். டீச்சர் சுவரில் மாட்டியிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டார். ஒட்டடை படிந்த பெட்டி. இன்னாசி தினமும் அதன் கீழே இருந்த ஆணியில்தான் குடையை மாட்டுவார். டீச்சர் பெருவிரலால் அதன் பக்கத்தைத் துடைத்தார். ஒரு சீட்டு இருந்தது. அதில் ஒன்று என்று எழுதியிருந்தது.

கேட்வே! தலைகீழாகச் சொல்லுவேன் என்றாரே, அதே கேட்வே. ஹாலிலிருந்து வெளியே போகிற எல்லாமே அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

"விண்ணப்பம் போற அந்த ஊருக்கு வழி இந்தப் பெட்டிக்குத் தெரியுமா டீச்சர்?"

"முழுசாத் தெரியாது. அடுத்தாப்புல யாருகிட்ட குடுக்கணும்னு தெரியும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பெட்டியில் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டாவது எரியவில்லை. நாலு நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

இரண்டாவது விளக்கு பச்சையாகச் சிமிட்டியது.

"அப்பா, போயிட்டு! விண்ணப்ப நம்பர் வந்துட்டுப்பா!" ரோஸ்லின் நாற்காலியை விட்டே எம்பிவிட்டாள்.

"எனக்கும் வந்துட்டு!" "எனக்கும்!" என்று வரிசை வரிசையாகக் கூச்சல் எழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இன்னாசி எழுந்து நின்றார். "கெடுத்தது நான்தான், எல்லாரும் மன்னிச்சிடுங்க!" என்று சத்தமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒருத்தி மட்டும் அவரிடம் ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, எனக்குப் போட்டோ ஏற மாட்டேங்குது. அளவு பெருசுன்னு சொல்லுது. பத்து நிமிஷம்தான் இருக்கு!"

இன்னாசி வாயைத் திறந்தார். படங்களின் அளவைப் பற்றி ஒரு பிரசங்கம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது தாயி. ஒன்பதுல ஜெபராணி இருக்கா, அவ இப்பதான் படத்தைச் சின்னதாக்கினா. வா வா!"

கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தியைப் பதினாலுக்கு அனுப்பினார். ஒருத்தியை ஆறுக்கு. ஒருத்தியை டீச்சரிடமே அனுப்பினார். ஹாலுக்குக் குறுக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ஐந்து மணிக்கு, வேர்த்து விறுவிறுத்து டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், நீங்க கேட்டீங்களே, அதுக்குப் பதில்..."

"நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு வகுப்பு, அண்ணாச்சி," என்றார் தவமணி டீச்சர். "நேரத்தோட வந்து எடுங்க."