டயருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி

"இன்ஸ்பெக்டர் தீப்பெட்டியைக் காலால தள்ளறாருங்க டீச்சர்," என்றார் பெள்ளி.

கோத்தகிரியில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ரெஜினா டீயை ஊதிக் குடித்தாள். மாணவருக்கு ஐம்பத்தைந்து வயது. டீச்சருக்கு அதில் பாதி.

"பாத்தீங்களாண்ணா?"

"பாக்கலீங்க. ஆனா தள்ளியிருப்பார். இல்லீன்னா எப்படி நசுங்கும்?"

மேட்டில் நிற்கும் வண்டியைக் கிளப்பிக் காட்ட வேண்டும், அதுதான் லைசென்ஸ் பரீட்சை. பின் டயருக்கு ஒரு சாண் தள்ளித் தீப்பெட்டி வைப்பார்கள். இன்ஜின் அணைந்தால் கொஞ்சம் மார்க் போகும். வண்டி பின்னால் உருண்டு தீப்பெட்டி நசுங்கினால் ஃபெயில். பெள்ளி ஏற்கெனவே இரண்டு பரீட்சையில் இரண்டை நசுக்கியிருந்தார்.

"பொண்ணுக்கு மாசம் நெருங்கிருச்சுங்க. எங்க ஊருக்குச் சாயங்காலத்தோட பஸ் நின்னுரும். காரு வாசல்ல நிக்குது, நான் பக்கத்துல நிக்கறேன்."



ரெஜினா அவரை மேட்டுக்குக் கூட்டிப் போனாள். தீப்பெட்டியை வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

பெள்ளி கிளட்சை மறந்து, கண்ணாடியில் அவள் காலையே பார்த்தார். அவள் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதறி ஹேண்ட் பிரேக்கை விட்டார். வண்டி பின்னால் உருண்டது. மூன்றாவது தீப்பெட்டியும் போயிற்று.

"நீங்களும் தள்ளீட்டீங்க!" என்று கத்தினார்.

ரெஜினா கோபப்படவில்லை. புதுத் தீப்பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் ஓட்டறேன். நீங்க வெச்சுட்டு நின்னு பாருங்கண்ணா."

பெள்ளி ஒரு சாண் அளந்து வைத்தார்.

வண்டியில் ஏறிய அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மனுசனை இவ்வளவு நம்புவார்களா என்ன?

காலை நீட்டித் தீப்பெட்டியை மெல்ல நகர்த்தினார். இன்னும் கொஞ்சம். அது டயரை ஒட்டி நின்றது.

வண்டி ஒரு உறுமல் உறுமி நேரே மேலே ஏறிப் போனது.

பெள்ளி தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கினார். ஒரு மூலைகூட மடங்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

ரெஜினா இறங்கி வந்தாள்.

"எங்க வெச்சீங்கண்ணா?"

"ஒரு சாண்..." என்று தொடங்கி நிறுத்தினார். "காலால தள்ளீட்டேனுங்க டீச்சர். டயரை ஒட்டியே."

அவள் சாவியை நீட்டினாள்.

"ஏறுங்க. இப்ப நான் தள்ளறேன்."