காத்தைக் கீழ இறக்கின வீடு

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா, செல்லம். சுத்தி எங்க பார்த்தாலும் மணல். அவ பேரு ஹலீமா. வீட்டுக்காரர் இத்ரீஸ், கொத்தனார். அவங்களுக்கு ஒரு கைக்குழந்தை, நூரா. ம் சொல்லு.

"ம்."

வெயில் காலம் வந்துச்சு. வீட்டுக்குள்ள அனல் தகதகன்னு அடிச்சுது. நூரா பால் குடிக்கல, தூங்கல. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு. அப்போ குளுமையான மலையூர்லேர்ந்து ஹலீமாவோட மாமியார் ஒட்டகத்துல வந்துட்டாங்க.

"நீயும் குழந்தையும் எங்கூட வாங்க. வெயில் தணிஞ்சதும் வரலாம்."

"அவருக்கு இங்க வேலை இருக்கே, மாமி. தனியா விட்டுட்டு எப்படி வர? கொஞ்சம் பொறுங்க."

அப்புறம் இத்ரீஸ் சுவரை இடிச்சுப் பெரிய ஜன்னல் வெச்சாரு. உஸ்ஸ்ஸ்னு அனல் காத்து, கூடவே மணல். குழந்தை கண்ணெல்லாம் மண்ணு. அப்புறம் எல்லா ஜன்னலையும் மூடிப் பார்த்தாரு. வீடு இட்லிப் பானையாட்டம் புழுங்குச்சு. மாமி மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

ஹலீமா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்குப் போனா. கீழ தெருவுல ஒரு அசைவு இல்ல. மேல கொடியில துணி படபடபடன்னு அடிக்குது. புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினா.

"காத்தெல்லாம் இங்க போகுது," அப்படின்னாரு அவரு. "நாம கீழ கிடந்து வேகறோம்."

"அப்போ இதைக் கீழ இறக்குங்களேன்."

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் ரெண்டு பேருமா மண்ணைக் குழைச்சு, வீட்டு மேல புகைக்கூண்டு மாதிரி உசரமா ஒரு கூண்டு கட்டினாங்க. காத்து வர்ற பக்கம் அதுக்கு வாய். உள்ளுக்குள்ள கிணறு மாதிரி நேரா கூடத்துல இறங்கும். சூடு வெளிய போக எதிர்ச் சுவர்ல மேலாப்புல ஒரு ஓட்டை. காத்து வந்துச்சு. ஆனா சூடாத்தான் வந்துச்சு. ஹலீமாவுக்கு முகமே வாடிப்போச்சு.

மாமி மூட்டையைக் கீழ வெச்சாங்க. தண்ணி கசியற மண்பானைங்களைத் தூக்கிட்டு வந்து, காத்து இறங்கற இடத்துல வரிசையா வெச்சு, ஈரச் சாக்கைச் சுத்தினாங்க.

காத்து அந்த ஈரத்தைத் தொட்டுச்சு. குளுகுளுன்னு கூடம் பூரா பரவுச்சு. நூரா அழறதை நிறுத்தினா. மடக் மடக்னு பால் குடிச்சா. அப்படியே கண்ணு சொருகிடுச்சு.

"நானும் கொஞ்சம் தலைய சாய்க்கறேன். அப்புறம் கிளம்பலாம்," அப்படின்னு மாமியும் பேத்தி பக்கத்துல படுத்தாங்க. கொர்ர்ர்.

பொழுது சாஞ்சுது. ஹலீமா மெதுவா வந்து கேட்டா: "ஒட்டகம் நிக்குது மாமி. கிளம்பணுமா?"

மாமி கண்ணைத் திறக்கல. "மெதுவாப் பேசு, குழந்தை தூங்குது," அப்படின்னு நூராவை அணைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க.

அவ்வளவுதான்டா. கதையும் படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.